தொட்டிப் பாலத்தின் நடுவில் நின்றுபோன நடை: குன்னூர் மலைச்சரிவில் ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

நீலகிரியில் பழைய வாய்க்கால் கரைகளையொட்டிக் குழுவாக நடப்பது இப்போது பெருகியிருக்கிறது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, பக்கத்திலேயே தண்ணீர் ஓடும், நிழலும் உண்டு. அதனால் இந்த நடைகளை எல்லோரும் "எளிது" என்ற பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம் அப்படிப்பட்ட ஒரு நடையில் நடந்ததை இங்கே முழுமையாக எழுதுகிறேன். யாரும் சாகவில்லை, எலும்பும் முறியவில்லை. ஆனால் எல்லாமே ஒரு நூலிழையில் நின்றது. அதிலிருந்து மீண்ட வழியை நடைக் குழு நடத்தும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நடையை வழிநடத்தியவர், வரிசையின் கடைசியில் வந்த இளைஞர், பாலத்தில் நின்றுபோன பெண்மணி, வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் வாட்டர்மேன், கீழே உள்ள ஹட்டியின் (படகர் ஊரின்) பெரியவர் ஆகிய ஐந்து பேரிடமும் தனித்தனியாகப் பேசித்தான் இதைத் தொகுத்தேன். யாருடைய பெயரும் இல்லை. வாய்க்காலின் பெயரையும் எஸ்டேட்டின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

வாய்க்காலும் பாலமும்

இடம், மேட்டுப்பாளையம் சமவெளியைப் பார்த்தபடி இருக்கும் கிழக்குச் சரிவு. சோலைக்குள் வரும் ஓர் ஓடையைச் சிறிய தடுப்பணை கட்டி மறித்து, மலையின் இடுப்பைச் சுற்றி ஏறக்குறைய நான்கு கிலோமீட்டருக்கு வாய்க்கால் ஓட்டியிருக்கிறார்கள். கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான் கட்டுமானம். அதன் வாட்டம் வியக்க வைக்கும். கண்ணுக்குத் தெரியாத சரிவுதான், ஆனாலும் எங்கும் தேங்காமல் ஓடுகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலை ஃபாக்டரியின் இயந்திரங்களைத் தண்ணீர் விசையால் ஓட்டக் கட்டியது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். 1932ல் பைக்காரா நீர்மின் நிலையம் செயல்படத் தொடங்கி, அப்புறம் இந்தப் பக்கத்துக்கும் மின்சாரம் வந்த பிறகு அந்தத் தேவை போய்விட்டது. வாய்க்கால் மட்டும் நிற்கவில்லை. இன்று அதே தண்ணீர்தான் ஃபாக்டரியின் தொட்டிக்கும் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் கீழே உள்ள ஹட்டிக்கும் போகிறது. நடக்க வருகிறவர்களுக்கு இது பழங்காலச் சின்னம். அங்கே இருப்பவர்களுக்கு இது குழாய்த் தண்ணீர். இந்த நிகழ்வு முழுவதும் அந்த வேறுபாட்டில்தான் போய் முட்டுகிறது.

வழியில் மூன்று ஓடைப் பள்ளங்கள் குறுக்கிடுகின்றன. இரண்டைச் சின்னக் கற்பாலங்கள் தாண்டிவிடுகின்றன. மூன்றாவது பள்ளம் பெரியது. அதன்மேல் ஐந்து வளைவுகள் எழுப்பி, வாய்க்காலை அப்படியே தூக்கி அந்தப் பக்கம் கொண்டுபோயிருக்கிறார்கள். நீளம் சுமார் 40 மீட்டர். நடு வளைவில் ஆழம் 40 அடி இருக்கும்.

தொட்டிப் பாலம் என்றதும் பலருக்கும் கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர்தான் நினைவுக்கு வரும். 1966ல் கட்டியது, 115 அடி உயரம், பார்க்கவே நெஞ்சு அதிரும். ஆனால் அங்கே மனிதர் நடப்பதற்கென்று தனிப் பாதை இருக்கிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. இரண்டரை அடி அகலத்தில் தண்ணீர் ஓடும் தொட்டி, அதற்கு இரு பக்கமும் சுவர். சுவரின் தலை ஒன்றேகால் அடி அகலம். அதன்மேல்தான் நடக்க வேண்டும். ஒரு பக்கம் ஓடும் தண்ணீர், மறுபக்கம் வெறும் காற்று.

பாலத்துக்கு 150 மீட்டர் முன்னால் வாய்க்கால் சுவரில் துருப்பிடித்த இரும்புத் தகடு ஒன்றும் அதன்மேல் திருகுத் தண்டு ஒன்றும் இருக்கின்றன. அது வடிகால் ஷட்டர். பாலத்தில் பழுது பார்க்கும்போது தண்ணீரைப் பள்ளத்துக்குத் திருப்பிவிடுவதற்காக வைத்தது. அன்று நடந்து வந்த பதினாறு பேரும் அதைத் தாண்டித்தான் வந்தார்கள். ஒருவருக்கும் அது என்னவென்று தெரியாது.

குழுவும் திட்டமும்

பதினாறு பேரில் பெரும்பாலோர் கோவை, திருப்பூர்க்காரர்கள். வயது 19 முதல் 63 வரை. வழிநடத்தியவர் முப்பதுகளில் இருப்பவர், மலையேற்றப் பயிற்சி முடித்தவர், நிதானமான ஆள். கடைசியில் வந்தவர் கல்லூரி மாணவர். நடுவில் குன்னூரிலேயே பிறந்து வளர்ந்த பெண் ஒருவரும் இருந்தார். அவரைப் பற்றிப் பின்னால் வரும்.

அனுமதி விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்கள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, அதே ஆண்டில் வனப்பகுதி மலையேற்றத்துக்குத் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. இந்த வாய்க்கால் வனத்துறை நிலத்தில் இல்லை, தனியார் எஸ்டேட்டுக்குள் ஓடுகிறது. எஸ்டேட் அலுவலகத்தில் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். ஆனால் வனத்துறை வழித்தடமாக இருந்தால் அந்த ஊர் வழிகாட்டி ஒருவர் உடன் வந்திருப்பார். தனியார் இடம் என்பதால் அந்த ஏற்பாடு இல்லாமல் போனது.

வழிநடத்தியவர் இதே பாதையை அந்த வருடம் மார்ச்சில் நடந்து பார்த்திருந்தார். அப்போது கோடைக்காலத் தொடக்கம், தொட்டியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். தொட்டிக்குள் இறங்கியே பாலத்தைக் கடந்திருக்கிறார். டிசம்பர் அப்படியல்ல. கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் நனைந்தால், குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்கு வடகிழக்குப் பருவம்தான் மழைக்காலம். 2009 நவம்பரில் நீலகிரி முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தது இந்தப் பருவத்தில்தான். இந்த வாய்க்காலின் கரையும் அந்த மழையில் ஓரிடத்தில் உடைந்து, பிறகு சிமென்ட் வைத்துக் கட்டியது இன்றும் தெரிகிறது. ஆக, மார்ச்சில் பார்த்த பாதையும் டிசம்பரில் நடக்கும் பாதையும் வேறு வேறு. அன்று தொட்டியில் ஒன்றேமுக்கால் அடித் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதனால் சுவர்மேல் நடப்பதைத் தவிர வழியில்லை.

பதிவுப் படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், மூட்டு வலி எல்லாம் கேட்டிருந்தார்கள். உயரம் ஒத்துக்கொள்ளுமா என்ற கேள்வி இல்லை. சமமட்டமான நடைக்கு அது தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை.

பாலத்துக்கு வரும்வரை

ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டிய நடை, மலைப்பாதையில் வாகன நெரிசலால் 11.20க்குத்தான் தடுப்பணையில் தொடங்கியது. இந்தக் கிழக்குச் சரிவில் மழைக்காலத்துப் பகலில் ஒரு கணக்கு உண்டு. காலையில் வானம் தெளிந்திருக்கும். மதியம் தாண்டினால் சமவெளியிலிருந்து மேகம் ஏறத் தொடங்கும். இரண்டு மணி நேரத் தாமதம் என்பது கடிகாரத்தில் மட்டும் நடந்த தாமதமல்ல. தெளிந்த பொழுதில் கடக்க வேண்டிய பாலத்தை மேகம் ஏறும் பொழுதுக்குத் தள்ளிவைத்தது அதுதான்.

தடுப்பணையில் ஒருவர் கம்பி வலையில் சிக்கிய இலைகளை வாரிக்கொண்டிருந்தார். அவர்தான் வாட்டர்மேன். குழு வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்தது. குன்னூர்ப் பெண் மட்டும் நின்று, "அண்ணா, தினமும் நீங்கதான் பாக்கறீங்களா?" என்று கேட்டு இரண்டு வார்த்தை பேசியிருக்கிறார். அந்தப் பேச்சில் அவர் பெயரும், தினமும் மாலை வரை வாய்க்காலிலேயே இருப்பார் என்பதும் தெரிந்தது. சாதாரணப் பழக்கவழக்கம்தான். பிறகு அதுவே கைகொடுத்தது.

தடுப்பணையிலிருந்து பாலம் 2.2 கிலோமீட்டர். 12.50க்கு வந்து சேர்ந்தார்கள். அட்டை உதறியது, படம் எடுத்தது, சாப்பிட்டது எல்லாம் முடிந்து ஒன்றரை மணிக்குக் கடக்கத் தொடங்கினார்கள்.

நின்ற இடம்

வழிநடத்தியவர் முதலில் போனார். மற்றவர்கள் இரண்டு, இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகத் தொடர்ந்தார்கள். "கீழே பாக்காதீங்க, முன்னால இருக்கறவங்க முதுகைப் பாருங்க" என்பதுதான் அவர் சொன்ன ஒரே அறிவுரை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பதினாறு பேர், இரண்டரை மீட்டர் இடைவெளி. வரிசையின் நீளம் 40 மீட்டர் பக்கம். பாலமும் 40 மீட்டர். முதல் ஆள் அக்கரையில் கால் வைக்கும் நேரத்தில் மொத்தக் குழுவும் பாலத்தின்மேல் இருக்கும்.

ஒன்பதாவதாக வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி. அன்றாடம் நடைப்பயிற்சி செய்பவர், அதுவரை யாருக்கும் பின்தங்காதவர். 1.38க்கு, நடு வளைவின்மேல் அவர் வந்தபோது, பள்ளத்திலிருந்து மேகம் எழுந்து பாலத்தை மூடியது. முன்னால் போனவரின் முதுகு மங்கி மறைந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. தெரிந்தது காலடியில் ஓடும் தண்ணீர் மட்டும். அவர் என்னிடம் சொன்னது: "தண்ணி ஓடறது நின்னுபோய் நான்தான் பின்னால போயிட்டிருக்கேன்னு தோணுச்சு. காலைத் தூக்கவே முடியலே." அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். ஒரு கை சுவரில், ஒரு கை தண்ணீருக்குள்.

அவருக்கு முன்னால் போன எட்டுப் பேரும் சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்தார்கள். பின்னால் ஏழு பேர். அவரைத் தாண்டிப் போக இடமில்லை. அவருக்கு நேர் பின்னால் வந்த இன்னோர் இளைஞர் நல்ல எண்ணத்தில், "வாங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்று தோளைப் பற்றினார். அவர் திமிறினார். இருவருமே ஒரு கணம் வெளிப்பக்கம் சாய்ந்தார்கள். அந்த நாளில் உயிருக்கு மிக நெருக்கமாக ஆபத்து வந்தது அந்த நொடியில்தான்.

அதே நேரத்தில் அக்கரையில் வேறொரு சிக்கல். பாதைக்கு மேலே தேயிலைக்குள் இரண்டு காட்டெருமைகள் நின்றுகொண்டிருந்தன. மேகத்துக்குள் அவை தெரிவதும் மறைவதுமாக இருந்தன. கடந்து வந்தவர்களை முன்னே அனுப்பவும் முடியாது, அவர்களைத் தனியே விட்டுவிட்டு வழிநடத்தியவர் பாலத்துக்குத் திரும்பவும் முடியாது. பொறுப்பாளர் ஒரு கரையில், சிக்கல் நடுவில், மிச்சப்பேர் மறுகரையில் என்று மூன்றாகப் பிரிந்துவிட்டார்கள்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

முதல் முடிவை எடுத்தவர் கடைசியில் வந்த மாணவர். "யாரும் அவங்களைத் தொடாதீங்க" என்று கத்தினார். பிறகு தனக்கு முன்னால் இருந்தவர்களை ஒவ்வொருவராக, கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்து, சுவரில் உட்கார்ந்து, காலைத் தொட்டிப் பக்கம் போட்டுத் திரும்பி, எழுந்து நடந்து வரச் சொன்னார். நின்றபடி திரும்ப அனுமதிக்கவில்லை. ஆறு பேர் கரை சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. இருபது வயது இளைஞர் அந்த இடத்தில் காட்டிய நிதானம் பெரிய விஷயம். பின்னால் இருந்த கூட்டம் போனதுமே அந்தப் பெண்மணியின் மூச்சு கொஞ்சம் சீரானது. தன்னால்தான் எல்லோரும் நிற்கிறார்கள் என்ற எண்ணமே தன்னை இன்னும் இறுக்கியதாக அவர் பின்னால் சொன்னார்.

பிறகு மாணவர் திரும்பப் பாலத்துக்குப் போனார். பெண்மணிக்கு ஆறடி பின்னால், கால்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். அவரையும் மெல்ல மெல்ல அப்படியே உட்கார வைத்தார். குந்தியிருப்பதைவிடக் குதிரையில் ஏறியதுபோல் உட்கார்வது உறுதியானது. கொஞ்சம் தடுமாறினாலும் உடனே விழ மாட்டார்கள். மழைக்கோட்டை எறியாமல், ஒரு கைத்தடியின் முனையில் மாட்டி நீட்டினார். கடலை மிட்டாயும் அப்படித்தான் போனது. நனைந்த கை, காற்று, டிசம்பர் மேகம். நடுக்கம் ஆரம்பித்திருந்தது. உடம்பு நடுங்கும்வரை பயமில்லை, நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால்தான் ஆபத்து என்று மாணவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் பேச்சை விடவில்லை. வீட்டில் யார் யார், என்ன சமையல், எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இனி என்ன? மூன்று வழிகள் பேசப்பட்டன. தண்ணீர் இருக்கும்போதே அவரைத் தொட்டிக்குள் இறக்கி நடக்க வைப்பது முதல் வழி. தொட்டித் தரை முழுக்கப் பாசி, தொடையைத் தொடும் தண்ணீர். விழுந்தால் முழுக்க நனைந்துவிடுவார். ஏற்கெனவே குளிரில் இருப்பவருக்கு அது கூடாது என்று மாணவர் மறுத்தார். கயிறு கட்டி நடத்துவது இரண்டாவது வழி. வழிநடத்தியவரிடம் கயிறு இருந்தது, அவர் அக்கரையில் இருந்தார். அதோடு கயிற்றைக் கட்டுவதற்குப் பாலத்தில் பிடிமானம் எதுவும் இல்லை. இழுத்துப் பிடிக்க ஆள் நிற்க வேண்டியதும் அதே ஒன்றேகால் அடிச் சுவரில்தான். 108க்கு அழைத்துத் தீயணைப்புத் துறையை வரவழைப்பது மூன்றாவது வழி. அதற்கும் சாலையிலிருந்து அவர்கள் நடந்துதான் வர வேண்டும்.

நான்காவது வழியைச் சொன்னவர் குன்னூர்ப் பெண். "தண்ணியையே நிறுத்திட்டா என்ன? காலையில பாத்த அண்ணனுக்குத் தெரியும்." 1.55க்கு அவர் துணைக்கு ஒருவரோடு வந்த வழியே ஓடினார். அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு திருப்பத்தில் சிக்னல் கிடைத்தது. எஸ்டேட் அலுவலகத்தில் பேசி, அவர்கள் ஆள் அனுப்பி, வாட்டர்மேன் சாவியோடு வந்து சேர 2.50 ஆயிற்று. வந்தவர் தடுப்பணையை மூடிவிட்டு வரவில்லை. அங்கே மூடினால் இரண்டு கிலோமீட்டர் வாய்க்காலில் உள்ள தண்ணீர் வடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். நேராக அந்தத் துருப்பிடித்த ஷட்டரிடம் போய்ச் சாவியைப் போட்டுத் திருகினார். தண்ணீர் பள்ளத்துக்குப் பாய்ந்தது. பத்து நிமிடத்தில் பாலத்துத் தொட்டியில் கணுக்கால் அளவுதான் மிச்சம்.

அப்புறம் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கி நடந்து போனார். பெண்மணியைத் தூக்கவோ இழுக்கவோ முயலவில்லை. அவருக்கு முதுகைக் காட்டி, வந்த கரையைப் பார்த்து நின்றுகொண்டு, "அம்மா, கையை எந் தோள்ல வெய்ங்க. உள்ளே இறங்குங்க. ரெண்டு பக்கமும் சுவர் இருக்கு, எங்கயும் போக மாட்டீங்க" என்றார். அதுவரை விழும் விளிம்பாக இருந்த சுவர், உள்ளே இறங்கியதும் இரண்டு பக்கமும் கைப்பிடியாகிவிட்டது. 3.15க்கு அவர் கரையில் இருந்தார்.

முன்னே போகாமல் பின்னே திரும்பியதற்கும் காரணம் உண்டு. நடுவிலிருந்து இரண்டு கரையும் ஒரே தூரம்தான். ஆனால் முன்கரையில் காட்டெருமைகள். அதோடு மேகத்துக்குள் தெரியாத பாதையில் போவதைவிட, வந்த பாதையில் திரும்புவது மேல். அக்கரையில் இருந்த எட்டுப் பேரையும் தொட்டி வழியாகவே திரும்ப அழைத்தார்கள். 3.45க்கு ஷட்டர் மூடப்பட்டது. எல்லோரும் சாலைக்கு வந்தபோது 5.25. டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இடைவெளி அரை மணி நேரம்தான்.

அதற்குப் பின்

பெண்மணிக்கு முழங்காலில் சிராய்ப்பு, இரண்டு நாள் உடம்பு வலி. மருத்துவமனைக்குப் போகும் தேவை வரவில்லை.

வழக்கமாக இப்படிப்பட்ட பதிவுகள் இங்கே முடிந்துவிடும். ஆனால் பள்ளத்துக்குத் திருப்பிய தண்ணீர் எங்காவது போக வேண்டுமே? பள்ளத்தின் அடியில் ஒருவர் கேரட்டும் பீன்ஸும் போட்டிருந்தார், ஓரத்தில் முட்டைக்கோஸ் நாற்றுப் பாத்தி. ஷட்டர் திறந்த ஐம்பது நிமிடத்தில் நாற்றுப் பாத்தி அடித்துக்கொண்டு போய்விட்டது. ஹட்டிக்கு மாலையில் வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. வந்தபோதும் கலங்கலாக, வண்டலோடு வந்தது. இரவு எட்டு மணி வரை பெண்கள் குடத்தோடு காத்திருந்தார்கள். ஹட்டிப் பெரியவர் கோபப்படாமல்தான் பேசினார்: "ஆளைக் காப்பாத்தினது சரி. அதுல தப்பே இல்லை. ஒரு போன் போட்டிருந்தா நாங்க தொட்டி வாயை அடைச்சு வெச்சிருப்போம்."

வாட்டர்மேனிடம், அனுமதி இல்லாமல் ஷட்டரைத் திறந்ததற்கு எஸ்டேட் நிர்வாகம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டது. இதைக் கேட்டபோது எனக்கு மனசு கொதித்தது. அலுவலகத்திலிருந்துதான் அவரை அனுப்பினார்கள். ஆனால் "போய்ப் பார்" என்று சொன்னார்களே தவிர, "திற" என்று யாரும் வாயால் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் அவர் மாட்டிக்கொண்டார். நடைக் குழு நடந்ததை முழுவதும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகு அந்த விஷயம் கைவிடப்பட்டது. நாற்றுக்கும் பாத்திக்கும் விவசாயி சொன்ன தொகையைக் குழுவினர் பேரம் பேசாமல் கொடுத்தார்கள். ஹட்டிக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்கள்.

அவர் ஏன் நின்றார்

இதைப் பயந்த சுபாவம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நாம் நிலையாக நிற்க உள்காதும் பாதமும் மட்டும் போதாது, கண்ணும் வேண்டும். பக்கத்தில் இருக்கும் அசையாத பொருள்களைப் பார்த்துத்தான் உடம்பின் சின்னச் சின்ன ஆட்டத்தைக் கண் சரிசெய்கிறது. உயரமான இடத்தில் அந்தப் பொருள்கள் வெகுதூரத்தில் இருப்பதால் ஆட்டம் கூடுகிறது. இது ஓரளவு எல்லோருக்கும் நடக்கும். மேகம் மூடினால் தூரத்துப் பொருளும் போய்விடும். மிஞ்சுவது நகரும் தண்ணீர் ஒன்றுதான். பேருந்து நிலையத்தில் பக்கத்துப் பேருந்து நகரும்போது நம் பேருந்து நகர்வதாகத் தோன்றுமே, அதுதான் சுவர்மேல் நின்ற அவருக்கு நடந்தது. தோன்றிய நகர்வைச் சரிசெய்ய உடம்பு எதிர்ப்பக்கம் சாயும். அந்த நிலையில் உட்கார்ந்துகொண்டது அவர் செய்த மிகச் சரியான காரியம்.

"கீழே பாக்காதீங்க" என்ற அறிவுரை இங்கே உதவவில்லை. முன்னால் போகிறவரின் முதுகு நகரும் பொருள், அதுவும் மேகத்தில் மறைந்துவிட்டது. அசையாத எதையாவது பார்க்கச் சொல்ல வேண்டும். அப்படி எதுவும் தெரியாத அளவுக்கு மேகம் இருந்தால் கடக்கவே கூடாது.

பிறகு மாற்றியவை

அந்தக் குழு இந்த நடையை விட்டுவிடவில்லை, மாற்றி அமைத்தது. வண்டல் வாரி, பாசி சுரண்டிச் சுத்தம் செய்வதற்காக வாட்டர்மேன் வாய்க்காலை அவ்வப்போது அரைநாள் நிறுத்துவார். ஹட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவார். இப்போது நடை அந்த நாளில் மட்டும்தான் நடக்கிறது. தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் இறங்கியே பாலத்தைக் கடக்கிறார்கள். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சுண்ணாம்புக் காரைச் சுவரின் தலையில் கூட்டம் கூட்டமாக நடந்தால் காரை உதிர்ந்து கற்கள் தளரும். பாலத்தின் ஆயுளை நினைத்தாலும் சுவர்மேல் நடக்கக் கூடாது என்பதே என் கருத்து, மழைக்காலமோ கோடையோ எதுவானாலும் சரி.

வாட்டர்மேனுக்கு வழிகாட்டிக்குரிய கூலி கொடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை கூடவே வைத்துக்கொள்கிறார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்ற வழித்தடங்களைத் திறந்தபோது அந்தந்தப் பகுதிப் பழங்குடி இளைஞர்களையும் கிராமத்தினரையும் வழிகாட்டிகளாக வைத்தது. தனியார் நிலத்து நடைகளுக்கும் அதே முறை வர வேண்டும். எந்த இரும்புத் தகடு எதற்கு என்று தெரிந்த ஒருவர் கூட இருந்திருந்தால் அந்தப் பெண்மணி ஒன்றரை மணி நேரம் சுவரில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

பாலத்தின்மேல் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் இல்லை. முதலில் வாட்டர்மேன் போகிறார், வழிநடத்துபவர் பாதிப் பேர் கடக்கும்வரை இக்கரையிலேயே நிற்கிறார். பன்னிரண்டரை மணிக்குள் பாலத்தை எட்டாவிட்டால் அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். படிவத்தில் உயரம் பற்றிய கேள்வி சேர்ந்திருக்கிறது. "உயரம் என்றால் பயமா?" என்று கேட்டால் பலரும் இல்லை என்றுதான் எழுதுவார்கள் என்பதால், கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியின் ஓரத்தில் நிற்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது என்பவர்களை விலக்குவதில்லை. அவர்களுக்குப் பாலம்வரைதான் நடை. பெயர் கொடுக்கும்போதே அது சொல்லப்படுகிறது. அன்று நின்றுபோன பெண்மணி அடுத்த வருடம் அப்படி ஒரு நடைக்கு வந்தார்.

எஸ்டேட் நிர்வாகத்திடம் குழு இரண்டு கோரிக்கைகள் வைத்தது. அவசரத்தில் ஷட்டரைத் திறக்க வாட்டர்மேனுக்கு நிலையான அதிகாரம் எழுத்தில் வேண்டும் என்பது ஒன்று. திறப்பதற்கு முன் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற பட்டியலை ஷட்டருக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. பட்டியல் வந்துவிட்டது. ஹட்டிப் பெரியவரின் எண்ணும் பள்ளத்து விவசாயியின் எண்ணும் அதில் இருக்கின்றன. எழுத்தில் அதிகாரம் இன்னும் வரவில்லை. அது வரும்வரை, நடை நாட்களில் எஸ்டேட் சூப்பர்வைசர் ஒருவர் தொலைபேசியில் இருப்பார் என்று வாய்மொழி ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.